விடாத வீடு

'வீடு' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதற்கு இரு பொருள் உண்டு என்று விளக்குவது அந்தத் தமிழாசிரியருக்குப் பல்லாண்டுப் பழக்கம். மனிதர் குடியிருக்கும் இல்லம் ஒன்று. அறம், பொருள், இன்பம் என்னும் வரிசையில் நான்காவதாக நிற்கும் விடுதலை மற்றொன்று. 'விடு' என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு 'வீடு' என்னும் பெயராயிற்று. கெடு என்பது கேடு எனவும், சுடு என்பது சூடு எனவும் ஆவதைப் போன்றதே இது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கணம் இதனை வகைப்படுத்தும். மாணவர்கள் குறித்துக் கொள்வார்கள். தேர்விலும் பிழையின்றி எழுதுவார்கள். பாடம் அத்துடன் முடிந்துவிடும்.

ஆனால் மலேசியத் தோட்டப்புறத் தமிழர்க்கு அச்சொல்லின் மூன்றாவது பொருள் ஒன்று தெரிந்திருந்தது. எந்த அகராதியும் அதனைத் தரவில்லை. விட்டுப் போக வேண்டியது எதுவோ, அதுவே வீடு. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. பால்மரம் வெட்டும் கை தளர்ந்த அன்றே குடியிருப்பும் தளர்ந்தது. அறுபது ஆண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருந்தாலும் அந்தக் கூரையின் ஓர் ஆணிகூட அவர்களுக்கு உரிமையன்று. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, இந்த உண்மை ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒரே சமயத்தில் வாட்டியது. துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள் என்று தோட்டந்தோட்டமாகச் சென்று கேட்டதற்குக் காரணம் இதுவே. நிலத்தை உழைப்பவனே உடைமையாக்கிக் கொள்ளாவிட்டால் உழைப்பவனுக்கு நிற்க இடமிராது என்பதை அவர் கண்டிருந்தார்.

ஆசிரியரின் தந்தையும் துண்டாடப்பட்ட தோட்டம் ஒன்றிலிருந்து வெளியேறியவரே. ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டுக்கு அருகில் அத்தோட்டம் இருந்தது. வெளியேறிய ஈராண்டு காலம் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் குடும்பத்தை வைத்திருந்துவிட்டு, 1966ஆம் ஆண்டு, நகருக்கு வெளியே ஆற்றுக்குச் சற்றுத் தொலைவில் இருந்த ஒரு பழைய வீட்டை வாங்கினார். கையிருப்பு போதவில்லை. மனைவியின் கழுத்திலும் காதிலும் இருந்தவற்றில் தாலி ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அடகுக் கடைக்குப் போயின. அவை திரும்பி வரவில்லை. அது குறித்து அந்த அம்மையார் ஒருநாளும் குறைகூறியதில்லை. "நகை போனா என்ன, இங்கேர்ந்து போன்னு இனிமே யாரும் சொல்ல முடியாதில்ல" என்பார். அவ்வளவுதான்.

வீடு பெரியதன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர்ச் சீன வணிகர் ஒருவர் கட்டியது. இடுப்புயரம் வரை செங்கல் சுவர், அதற்குமேல் பலகை. நான்கு மூலைகளிலும் நடுவிலும் மலாய்க்காரர் 'செங்கால்' என்றழைக்கும் வன்மரத் தூண்கள். மேலே களிமண் ஓடு. முன்புறத்தில் அஞ்சடி அகலத்திற்கு ஒரு திண்ணை. செங்கற்கள் சுண்ணாம்புக் காரையால் பிணைக்கப்பட்டுச் சுண்ணாம்பே பூசப்பட்டிருந்தன. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன் தந்தை வெள்ளையடிப்பார். சுவர் ஆண்டுக்கொரு மெல்லிய சட்டை அணிந்துகொண்டது.

இவ்வாறு நாற்பது ஆண்டு கழிந்தது. 2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜொகூரில் பெய்த பெருமழையில் ஆறுகள் கரை புரண்டன. சிகாமட், மூவார், பத்து பஹாட், கோத்தா திங்கி ஆகிய வட்டாரங்கள் நீரில் மூழ்கின. 2007 ஜனவரியில் மீண்டும் ஒரு வெள்ளம் வந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் துயர்துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது. அந்த வீட்டில் நீர் நான்கடி உயரம் நின்றது. தந்தை அப்பொழுது உயிருடன் இல்லை. ஆகவே வெள்ளம் வடிந்தபின் வீட்டைச் செப்பனிடும் பொறுப்பு ஆசிரியரைச் சேர்ந்தது.

அவர் நல்லெண்ணத்துடன்தான் செய்தார். இனி ஒருபோதும் நீர் சுவருக்குள் புகக்கூடாது என்று எண்ணி, ஊறிப்போன சுண்ணாம்புப் பூச்சைச் செதுக்கி எறிந்துவிட்டு, சிமெண்டைக் கனமாகப் பூசச் செய்தார். அதன்மேல் பளபளக்கும் சாயம் அடித்தார். தரையிலும் வழுவழுப்பான பீங்கான் ஓடு பதித்தார். வீடு புதிதுபோல் மின்னியது. அண்டை அயலார் பாராட்டினர். தாயார் மட்டும் சுவரைத் தட்டிப் பார்த்து, "சத்தமே வரலியேய்யா, மூச்சடைச்ச மாதிரி இருக்கே" என்றார். அந்தச் சொல்லின் பொருள் ஆசிரியருக்கு விளங்கப் பதினைந்து ஆண்டு தேவைப்பட்டது.

செங்கல்லும் சுண்ணாம்பும் மூச்சு விடுபவை. மண்ணிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறுவதை முழுவதும் தடுக்க இயலாது. ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக வெளியேறிக் காற்றில் கலந்துவிடும். சிமெண்டோ இறுகி நின்று அவ்வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் உள்ளேயே தங்கி, மேல்நோக்கி ஏறுகிறது. தன்னுடன் மண்ணின் உப்பையும் கொண்டு செல்கிறது. உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி விரியும்போது கல் பொடிகிறது. நீரைத் தடுக்க எழுப்பிய அரண் நீரைச் சிறை வைக்கும் கூடமாகிவிட்டது. சுவரில் வெண்ணிற உப்புப் பூத்தது, சாயம் கொப்பளித்தது, ஈரம் மேலேறிப் பலகையைத் தொட்டது. பலகையின் பின்னே, எவர் கண்ணிலும் படாமல், கரையான் மண்குழாய் கட்டிக்கொண்டு தூணுக்குள் குடிபுகுந்தது.

ஆசிரியர் 2020ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். கொள்ளை நோய்க்கால முடக்கத்தில் நாளெல்லாம் வீட்டிலேயே இருந்தபோதுதான் வீடு எத்துணை நலிந்திருக்கிறது என்பதை அவர் கண்டார். இளமை முழுவதும் அதிகாலையில் பள்ளிக்குச் சென்று அந்தியில் திரும்பியவர்க்கு, நண்பகல் வெளிச்சத்தில் தம் வீட்டுச் சுவர் எப்படியிருக்கும் என்பதே தெரியாதிருந்தது. 2022ஆம் ஆண்டு தீபாவளி கழிந்த மறுவாரம், தாயாரின் அறையில் இருந்த தூண் ஓர் அங்குலம் கீழிறங்கியது. கதவு மூட மறுத்தது. கூரையில் ஓர் ஓடு நழுவி, மழைநீர் கட்டிலின் கால்மாட்டில் சொட்டத் தொடங்கியது.

சிங்கப்பூரில் பொறியாளராகப் பணிபுரிந்த மகன் வார இறுதியில் வந்து பார்த்தான். அவனுக்கு ஐயமே இல்லை. "இடிச்சிட்டுக் கட்டிடலாம்ப்பா. தரையை நாலடி உயர்த்தி, கான்கிரீட் தூண் போட்டுக் கட்டினா நூறு வருஷம் நிக்கும். கடன் என் பேர்ல எடுக்கிறேன். அது வரைக்கும் பாட்டி எங்களோட வந்து இருக்கட்டும்" என்றான். அவன் சொன்னதில் தவறேதும் இல்லை. கணக்கும் சரியாகவே இருந்தது. பாட்டியின்மேல் அவனுக்கிருந்த அன்பும் உண்மையானதே. எண்பத்து நான்கு வயது மூதாட்டி ஒழுகும் கூரையின்கீழ்ப் படுத்திருப்பதை எந்தப் பேரன் பொறுப்பான்?

மூதாட்டி அவனை அருகில் அமர்த்திக்கொண்டார். "நீ சொல்றது சரிதான்ய்யா. ஆனா ஒருதரம் வெளியே போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள நான் இருப்பேனோ என்னமோ. லயத்திலேர்ந்து சாமானைத் தூக்கிக்கிட்டு நடந்தப்போ உங்க தாத்தா ஒரு வார்த்தை சொன்னாரு, இனிமே உன்னை எடுத்துக்கிட்டுப் போறதா இருந்தா நாலு பேர் தோள்லதான்னு. அதை மட்டும் மாத்திடாதீங்க" என்றார். அறையில் எவரும் மறுமொழி கூறவில்லை. மழை மட்டும் கூரையின்மேல் பேசிக்கொண்டிருந்தது.

அன்றிரவு ஆசிரியர் ஒரு முடிவுக்கு வந்தார். இடிக்காமல், தாயாரை வெளியேற்றாமல், அறை அறையாக வீட்டைச் செப்பனிடுவது என்பதே அம்முடிவு. சேமநிதியில் எஞ்சியிருந்த பணத்தின் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கினார். மகன் உடன்படவில்லை. "கொட்டற மழையில பழைய வீட்டைப் பிரிச்சுப் போடுறீங்க. தண்ணி வந்தா எல்லாம் வீண்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனான். தந்தைக்கும் மகனுக்கும் இடையே பேச்சு குறைந்தது.

மலேசியாவில் பனிக்காலம் இல்லை. எனினும் நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலிலிருந்து வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூர் ஆகிய மாநிலங்களுக்குத் தனியொரு பருவத்தைக் கொண்டு வருகிறது. வானம் நாள்கணக்கில் சாம்பல் நிறம் பூண்டு நிற்கும். துவைத்த துணி உலராது. அரிசிப் பானையில் வண்டு வைக்கும். முதியவர்களின் முழங்கால் வலிக்கும். கட்டட வேலை செய்பவர் எவரும் விரும்பாத பருவம் இது. தூண் இறங்கிவிட்ட வீட்டுக்கோ பருவம் பார்க்க வழியில்லை.

அந்தப் பருவத்திற்கும் ஒரு பயன் உண்டு என்பதை முதலில் எடுத்துக் காட்டியவர் வேலைக்கு வந்த மலாய்த் தச்சர். எழுபது வயதைத் தொட்டவர். கம்பத்து வீடுகளைச் செப்பனிட்டே வாழ்நாளைக் கழித்தவர். ஆசிரியரை 'சிக்கு' என்றே மரியாதையுடன் அழைப்பார். கோடையில் கூரையைப் பார்த்தால் ஓட்டை தெரியாது, மழைதான் சரியான கணக்காய்வாளர் என்பது அவர் கருத்து. முதல் வாரம் முழுவதும் அவர் உளியைக் கையில் எடுக்கவே இல்லை. மழை பெய்யும்போதெல்லாம் வீட்டிற்குள்ளும் வெளியிலும் நடந்து, நீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எவ்வழி ஓடுகிறது என்று கரித்துண்டால் குறியிட்டார். குறிகளைத் தொடர்ந்து சென்றால், எல்லாக் கேட்டுக்கும் காரணம் இரண்டே எனத் தெரிந்தது. கூரை விளிம்பின் தகரப் பீலி இற்றுப்போயிருந்தது. வீட்டைச் சுற்றி ஓடிய கால்வாய் மண்மூடி, சுவரின் அடியிலேயே நீரைத் தேக்கியது.

ஆகவே வேலை கூரையிலிருந்து தொடங்கியது. மழை விட்ட இடைவெளிகளில், ஒருநாளைக்கு இரண்டு வரிசை, மூன்று வரிசை என ஓடுகளை இறக்கித் துடைத்து, உடைந்தவற்றை நீக்கி, நல்லவற்றை மீண்டும் அடுக்கினார்கள். இடிக்கப்பட்ட ஒரு பழைய கடைவீட்டிலிருந்து அதே அளவு ஓடுகள் கிடைத்தன. மாலையில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டே இறங்குவார்கள். அடுத்துக் கால்வாய். ஆசிரியரே மண்வெட்டி எடுத்து, சுவரடியிலிருந்து நீர் விலகி ஓடுமாறு சரிவு வைத்துத் தோண்டினார். கூரையும் கால்வாயும் சரியானபின் தச்சர் சொன்னார்: வீட்டிற்கு நல்ல தொப்பியும் நல்ல காலணியும் கொடுத்துவிட்டோம், இனிச் சட்டையைப் பற்றிப் பேசலாம்.

சட்டை என்பது சுவர். டிசம்பர் தொடக்கத்தில் சிமெண்டுப் பூச்சைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். தாம் பணம் கொடுத்துப் பூசச் செய்ததைத் தாமே உளிகொண்டு பெயர்ப்பது ஆசிரியருக்கு எளிதாக இல்லை. ஒவ்வொரு சில்லு விழும்போதும் அதன் பின்னே செங்கல் செந்தூளாக உதிர்ந்தது. சில இடங்களில் விரலே உள்ளே நுழைந்தது. மாணவன் எழுதிய பிழையைச் சிவப்பு மையால் திருத்துவது எளிது. தம் பிழையின் சிவப்பு தம் கையிலேயே ஒட்டுவதைக் காண்பது அத்துணை எளிதன்று. அன்று மாலை அவர் தாயாரிடம், "சுவரு மூச்சடைச்சிருக்குன்னு அப்பவே சொன்னீங்களேம்மா" என்றார். மூதாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சொன்னா கேக்கிற வயசா உனக்கு அப்போ?" என்று சிரித்தார்.

வெற்றிலைக்குத் தடவிய அந்தச் சுண்ணாம்புதான் சுவருக்கும் மருந்தாக வந்தது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. நீறிய சுண்ணாம்பைப் பூசி விட்டால், தான் இழந்த வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. கல்லாகப் பிறந்து, நெருப்பில் தன்னை இழந்து, நீரில் குளிர்ந்து, காற்றால் மறுபடி கல்லாகும் பொருள் அது. ஆனால் அதற்கு அவசரம் ஆகாது. நீறியபின் எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு மென்மையும் ஒட்டும் தன்மையும் பெறும்.

தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. தமிழ்நாட்டுப் பழங்கட்டடங்களில் கடுக்காய் ஊறிய நீரையும் பனைவெல்லத்தையும் காரையில் கலந்தனர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் முட்டை வெண்கருவின் துணையால் கண்ணாடிபோல் மின்னின. கடல் கடந்து வந்தபோது அந்தக் கைத்திறனும் உடன் வந்தது. சிங்கப்பூரில் 1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அதன் உட்சுவர்களுக்குப் பூசியது 'மதராஸ் சுண்ணம்' என்னும் சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்து அதனை ஆக்கினர். சொந்த ஊருக்குத் திரும்ப உரிமையற்றவர்களின் கைகளே பிறருடைய சுவர்களை அழியாமல் நிலைநிறுத்தின என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழாமல் இருப்பதில்லை.

ஆசிரியர் நவம்பரிலேயே நான்கு பீப்பாய்களில் சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்திருந்தார். நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தாயார் ஏற்றுக்கொண்டார். நாள்தோறும் காலைப் பசியாறியதும் கைத்தடி ஊன்றிச் சென்று, மூடியைத் திறந்து, ஒரு சொட்டு எடுத்து இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பார். "இன்னும் கரகரப்பு போகலை" என்பார். பொங்கலுக்கு முன்னரே பூசிவிட வேண்டும் என்று ஆசிரியர் துடித்தார். "வெத்திலைக்கே ஊறின சுண்ணாம்புதான் நாக்கைப் பொத்துக்காம இருக்கும். சுவரு மட்டும் பொறுத்துக்குமா?" என்று தாயார் தடுத்துவிட்டார். அந்த ஆண்டுப் பொங்கல், பூச்சில்லாத செங்கற் சுவர்களுக்கு நடுவே, திண்ணையில் பொங்கியது. மகன் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னான், வரவில்லை.

இதற்கிடையில் தூணின் வேலை வந்தது. தாயாரின் அறைத் தூண் வெறும் தூண் அன்று. 1966 முதல் அந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளின் உயரத்தையெல்லாம் தந்தை அதில்தான் கத்தி முனையால் கீறி வைத்திருந்தார். ஆசிரியரின் கீறல்கள் அதில் ஏணிப்படிகள்போல் ஏறிச் சென்றன. அவருடைய மகனின் கீறல்கள் மற்றொரு பக்கத்தில். 2006ஆம் ஆண்டு வெள்ளத்தின் பழுப்புக் கோடு அனைத்தையும் குறுக்கே வெட்டிச் சென்றது. எல்லாவற்றுக்கும் கீழே, தரையிலிருந்து இரண்டடி எட்டங்குல உயரத்தில், ஒற்றைக் கீறல் ஒன்று இருந்தது. அதற்கு மேல் அடுத்த படி இல்லை. அது ஆசிரியரின் தங்கையுடையது. இரண்டாவது வயதில் காய்ச்சலில் இறந்துபோன குழந்தை. நிழற்படம் எடுக்க அக்காலத்தில் வசதியில்லை. அக்குழந்தை இவ்வுலகில் நின்றதற்கு அந்தக் கீறலைத் தவிர வேறு சான்றில்லை.

தச்சர் தூணின் அடியை உளியால் குத்திக் குத்தி மேலே வந்தார். கரையான் அரித்த பகுதியில் உளி ஓசையின்றி இறங்கியது. நல்ல மரத்தைத் தொட்டதும் 'டக்' என்றது. அளவுகோலை வைத்தார். இரண்டடி ஆறங்குலம். மூதாட்டி சற்றுத் தொலைவில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. தச்சர் அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் இரண்டொரு சொல்லில் விளக்கினார். தச்சர் தலையசைத்தார். முழுத் தூணையும் மாற்றுவதே அவர் முதலில் எண்ணியிருந்தது. எளிதான வழியும் அதுவே. அன்று அவர் வழியை மாற்றிக்கொண்டார். விட்டத்தை முட்டுக் கொடுத்துத் தாங்கி நிறுத்தி, அரித்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, புதிய செங்கால் துண்டை ஒன்றின்மேல் ஒன்று கவ்வுமாறு சரிவாகச் செதுக்கி, மர ஆணியால் பிணைத்தார். அந்த இணைப்பின் மேல்நுனி கீறலுக்கு ஒரு விரற்கடை கீழே வந்து நின்றது. ஒருநாளில் முடியும் வேலைக்கு நான்கு நாள் ஆயிற்று. நான்கு நாளுக்கான கூலியை அவர் வாங்க மறுத்தார். மூதாட்டி விடவில்லை. ஒரு தட்டில் பணமும் பலகாரமும் வைத்து அவர் முன்னே நீட்டி, தமக்குத் தெரிந்த மலாயில், "எடுத்துக்கோங்க, அது என் மகள்" என்றார். தச்சர் இரு கைகளாலும் தட்டைப் பெற்றுக் கொண்டார்.

தூண் நிமிர்ந்ததும் கதவு மூடியது. எனினும் நிலையில் இறுக்கமாக உரசியது. இழைப்புளியால் சிறிது சீவிவிடலாமே என்று ஆசிரியர் கேட்டார். தச்சர் சம்மதிக்கவில்லை. மரம் நீளவாக்கில் மாறுவதில்லை. அகலவாக்கில் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். அடைமழைக் காலத்தில் அளவாகச் சீவிய கதவு, வெயில் வந்ததும் விரலிடை விட்டு நிற்கும். 'மழையில் கோபமாக இருப்பதை வெட்டிவிடாதீர்கள், வெயில் வரும்வரை பொறுங்கள்' என்னும் பொருள்பட அவர் சொன்னது கதவைப் பற்றித்தான். ஆயினும் ஆசிரியர் அன்றிரவு மகனை நினைத்துக்கொண்டார். தொலைபேசியை எடுத்து, வேலை எதுவரை வந்துள்ளது என்பதை மட்டும் நிதானமாகச் சொன்னார். மகனும் நிதானமாகக் கேட்டான். மின்செருகிகளைப் பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுமாறு கூறினான். தந்தை அதன்படியே செய்தார்.

தைப்பூசம் முடிந்த மறுநாள் பூச்சு வேலை தொடங்கியது. மூதாட்டி பீப்பாயைத் தொட்டுப் பார்த்து, "இப்போ வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று இசைவு தந்திருந்தார். சலித்த மணலில் சுண்ணாம்பைக் குழைத்து, பொடிந்த செங்கற்களை மாற்றி, மெல்லிய படலங்களாகப் பூசினார்கள். ஒரு படலம் இறுகுமுன் அடுத்ததைப் பூசக்கூடாது. காற்றில் ஈரம் மிகுந்திருந்ததால் ஒவ்வொன்றும் காலம் எடுத்தது. பிப்ரவரி மாதக் கடைசி வாரத்தில் வெள்ளையடித்து முடித்தபோது, வீட்டிற்குள் பழைய தீபாவளிகளின் மணம் எழுந்தது.

அந்த மணம் அடங்குமுன் மழை வலுத்தது. பருவம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்திருந்த வேளையில், 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஜொகூரில் மீண்டும் வெள்ளம் பெருகியது. சிகாமட் வட்டாரம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மகன் அஞ்சியது நிகழ்ந்தேவிட்டது. இருள் விலகாத காலைப் பொழுதில் நீர் திண்ணையைத் தாண்டியது. எண்பத்து நான்கு வயது மூதாட்டியை மீட்புக் குழுவினர் படகில் ஏற்றினார்கள். அவர் திரும்பித் திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டே சென்றார். "நாலு பேர் தோள்லதான்னு சொன்னாரு, படகைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்று அவர் கூறியதைக் கேட்டு, மழையில் நனைந்திருந்த மீட்புப் பணியாளர்களுடைய முகத்திலும் புன்னகை மலர்ந்தது. ஆசிரியரால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

நீர் வடிந்தபின் அவர் முதலில் தனியாகத்தான் வந்தார். சேறு படிந்த வாசலில் நெடுநேரம் நின்றார். நீர் மூன்றடி நின்ற அடையாளம் தெரிந்தது. முழுவதும் இறுகாத புதிய பூச்சு, தரையிலிருந்து ஒரு முழ உயரத்திற்குப் பல இடங்களில் பெயர்ந்து விழுந்திருந்தது. நான்கு மாத உழைப்பின் ஒரு பகுதி சேற்றோடு சேறாகக் கிடந்தது. எல்லாம் வீண் என்ற மகனுடைய சொல் செவியில் ஒலித்தது. ஆனால் பெயர்ந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தபோது செங்கல் உதிரவில்லை. ஈரமாக இருந்தாலும் திண்ணென்று இருந்தது. தூணைத் தட்டினார், 'டக்' என்றது. தங்கையின் கீறல் சேற்றுக்கடியில் பத்திரமாக இருந்தது.

பின்னால் காலடி ஓசை கேட்டது. மகன் மனைவியோடும் நான்கு வயது மகளோடும் வந்து நின்றான். ஒன்றும் பேசவில்லை. கால்சட்டையை மடித்துவிட்டுக் கொண்டு சேற்றைத் தள்ளத் தொடங்கினான். ஈரம் காய்வதற்குள் கழுவினால்தான் சேறு எளிதில் போகும் என்பது வெள்ளம் கண்ட ஊர்க்காரர்கள் அறிந்த பாடம். இரண்டு நாள் கழுவினார்கள். கதவுகளையும் பலகணிகளையும் திறந்து வைத்தார்கள். மூன்றாம் வாரம் மகன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காஞ்சிட்டு வருதுப்பா. போன வெள்ளத்துக்கப்புறம் வருஷக்கணக்கா ஈரமாவே இருந்துச்சே" என்றான். பொறியாளனுக்குக் காரணம் சொல்லத் தேவையிருக்கவில்லை. கடைசிப் பீப்பாயில் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. அவன் மணலைச் சலித்தான், தந்தை குழைத்தார், விழுந்த இடத்தில் மீண்டும் பூசினார்கள். விழுந்தாலும் மறுபடி பூசிக்கொள்ளலாம் என்பதே சுண்ணாம்பின் சிறப்பு. அது தான் விழும்போது செங்கல்லையும் இழுத்துக்கொண்டு விழுவதில்லை.

ஏப்ரல் வெயிலில் கதவு தானாகவே தளர்ந்து, ஒரு விரலால் தள்ளினால் மூடுமளவுக்கு இணங்கிவிட்டது. துயர்துடைப்பு மையத்திலிருந்து மருமகள் வீட்டிற்கும், அங்கிருந்து தம் வீட்டிற்கும் மூதாட்டி திரும்பினார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அறைக்குச் சென்று தூணைத் தொட்டார். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தார். "இப்போ பேசுது" என்றார்.

அந்த வீட்டிற்கு இன்னொரு வெள்ளம் வராது என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆறு அங்கேயேதான் ஓடுகிறது. பருவக்காற்றும் ஆண்டுதோறும் வரும். தரையை உயர்த்த வேண்டும் என்னும் மகனின் கருத்தும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. தந்தையும் மகனும் அதைப்பற்றி இப்போது ஒரே மேசையில் அமர்ந்து பேசுகிறார்கள். பழைய வீட்டைக் காப்பது என்றால் மாறாமல் வைத்திருப்பது என்று பொருளில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதைக் குடியிருப்பவர்கள் கூடி அறிந்துகொள்வதே அதன் பொருள். ஈரத்தை அடைத்து வைக்கும் சுவர் இடிகிறது. வெளியேற விடும் சுவர் நிற்கிறது. 'விடு' என்பதிலிருந்தே 'வீடு' பிறந்தது என்று கரும்பலகையில் எழுதியவர்க்கு, அந்த இலக்கணத்தின் முழுப்பொருளும் ஓய்வு பெற்றபின், ஓர் அடைமழைக் காலத்தில்தான் விளங்கிற்று.

மூதாட்டி திரும்பிய அன்று மாலை, மகன் கத்தி முனையால் தூணில் மூன்றடி உயரத்தில் ஒரு கோடு கீறி, '2023 மார்ச்' என்று எழுதினான். அதைப் பார்த்த அவனுடைய சின்ன மகள் தானும் தூணில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து நின்றாள். பாட்டனார் அவள் தலைக்குமேல் அளவுகோலை வைத்தார். வெள்ளக் கோட்டைவிட அவள் நான்கு விரற்கடை உயரமாக இருந்தாள்.